எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியுமாம்!

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மாணவர் பக்கத்தில் திரைமொழிச் சொற்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான், பாராட்டுகிறேன். ஆனால் போகிற போக்கில் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை, சினிமா அவர்கள் ரத்தத்திலேயே ஊறியதாம். அவர் ஒருநாளாவது பொள்ளாச்சியில் பஸ் ஏறி எங்கள் சித்தூர் தாலுகா பக்கம் வந்துபோகட்டும். (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன். முன்பு ஒருமுறை எங்கள் ஊர்ச் செய்திக்கு ஆந்திர வரைபடம் போட்டவர்கள் நீங்கள்.)

ரத்தத்தில் ஊறியிருப்பது எது என்று நான் சொல்கிறேன். எந்த நடிகருக்கு எப்போது ரிலீஸ், முதல் நாள் வசூல் எவ்வளவு என்று ஒன்பதாம் வகுப்புப் பையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் வண்டி வந்து நின்றால், நான் வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் வகுப்புக்குச் சேதி வந்துவிடும். அதே வகுப்பில் ஒரு சின்னக் காட்சியைப் போட்டுக் காட்டி, “இதில் கேமரா எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்து, “கேமராவைத்தான் காட்டவே இல்லீங்களே டீச்சர்!” என்றாள்.

வகுப்பே சிரித்தது. அவள் சொன்னதில் என்ன தப்பு? கேமரா இருப்பதே தெரியாமல் பார்க்க வைப்பதுதானே படம் எடுப்பவர்களின் சாமர்த்தியம். அவள் கையிலேயே என் போனைக் கொடுத்து, வகுப்புத் தலைவனைத் தரையில் உட்கார்ந்து ஒரு படமும் மேஜைமேல் ஏறி ஒரு படமும் எடுக்கச் சொன்னேன். முதல் படத்தில் பையன் மந்திரி மாதிரி நிற்கிறான். இரண்டாவதில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்பவன் மாதிரி. லோ ஆங்கிள், ஹை ஆங்கிள் இரண்டுக்கும் அதற்குப் பிறகு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. ஜூமுக்கும் டிராலிக்கும்தான் அதிக நேரம் பிடித்தது. ஜூமில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கும், லென்ஸ்தான் வேலை செய்யும். டிராலியில் கேமராவே நகர்கிறது, அதனால் பக்கத்துத் தூணும் தூரத்துச் சுவரும் ஒன்றையொன்று விலகிப் போவது தெரியும். வராந்தாவில் போனோடு நடக்கவிட்ட பிறகுதான் அது பிடிபட்டது.

தங்கள் கட்டுரையோ எடிட்டிங் என்றால் ‘வேண்டாத காட்சிகளை வெட்டி நீக்குவது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. துணியைக் கத்தரிப்பதுதான் தையல் என்று சொல்வது போலிருக்கிறது இது. சோவியத் இயக்குநர் குலெஷோவ் நூறு வருடம் முன்பே, ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக்காட்டினார். முகம் ஒன்றுதான். பார்த்தவர்களுக்கு ஒன்றில் பசியாகவும் மற்றதில் துக்கமாகவும் தெரிந்தது. தாங்கள் அறியாததா!

பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்புவதற்காக நான் இவ்வளவு மெனக்கெடவில்லை. வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோ எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டப்பட்டது என்று சந்தேகப்படவாவது தெரிய வேண்டாமா? பத்திரிகைக்கும் அதுவே பொருந்தும். தலையங்கம், பைலைன் (செய்தியை எழுதியவர் பெயர் வருகிற வரி), விளம்பரச் செய்தி என்று சொல்லிக்கொடுக்கத் தங்கள் நாளிதழைத்தான் வகுப்புக்கு எடுத்துப்போனேன். அன்று முதல் பக்கம் முழுக்க ஒரு நகைக்கடை. “இதில் செய்தி எங்கீங்க டீச்சர்?” என்று கேட்டார்கள். உள்ளே புரட்டச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

இரத்தம் பற்றிப் பேசுகிற கட்டுரையாளர் சரித்திரத்தையும் கொஞ்சம் தொட்டிருக்கலாம். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். கேரள அரசு மலையாளத் திரைக்குத் தருகிற மிக உயர்ந்த விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. முதல் மலையாளப் பேசும் படம் 1938-இல் உருவானது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில். எல்லையோரத் தமிழர்கள் என்றால் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் மட்டும்தானா?

தமிழ்வழிப் பாடநூல்கள் பள்ளி திறந்து வெகுநாள் கழித்து வந்து சேர்ந்ததைப் பற்றி முன்பு ஒரு கடிதம் எழுதினேன். அதை மூன்று வரியாக்கி, ஊரையும் கோவை என்று போட்டீர்கள். கோவைக்காரர்களுக்கு என்ன குறை, புத்தகம் அவர்களுக்கு நேரத்துக்கு வந்திருக்கும். போகட்டும்.

இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்கிற மாணவர் தகவல் தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது. கேமராவும் கணினியும் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. தமிழில் எடுத்துப் பார்க்க ஒரு தாள்தான் வேண்டும். ஆகவே அந்தச் சொற்பட்டியலை, எடிட்டிங்குக்கு உரிய விளக்கத்தைத் திருத்தி, சுவரில் ஒட்டினால் பின்வரிசைக்கும் தெரிகிற எழுத்தில் இன்னொரு முறை வெளியிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் பத்திரிகை வருவதில்லை. திங்கட்கிழமை போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்.
(ஊர்ப் பெயரை இம்முறை மாற்ற வேண்டாம்.)