வைஃபை ரீசார்ஜ் இல்லை தாயி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். சோலார் ஆப்பில் பத்து நாளாக ஒன்றுமே காட்டவில்லை என்று கேட்டாய். வைஃபைக்குப் பணம் கட்டவில்லை என்று சொல்லி வைத்தேன். அது பொய் தாயி. ஐப்பசி பிறந்த வாரம் ஒரு ராத்திரி விழுந்த இடியில் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை கொண்டையோடு கருகிப்போனது. நம் வீட்டு மேல் விழவில்லை, ஆனாலும் அதன் வேகம் நம் மாடி வயரில் ஏறிவிட்டது. உன் சம்பளத்தில் போட்ட சாமான். போனில் சொல்ல வாய் வரவில்லை, சொன்னாலும் நீ பாதியிலேயே "எவ்வளவு அனுப்பணும்?" என்பாய்.

போட்டுக் கொடுத்த கம்பெனி ஆள் வந்தான். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் போச்சு, ஆறு பேனலும் போச்சு, மொத்தமாக மாற்றணும் என்றான். மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. நாடி பிடிக்காமல் சாவு சொல்லிவிட்டுப் போனான். 32 வருஷம் வயரோடு கிடந்தவன் நான், விடுவேனா?

மறுநாள் வெயில் ஏறியதும் இன்வெர்ட்டர் திரையில் எழுத்து வந்தது: ஐசொலேஷன் ஃபால்ட். செத்த மெஷின் பேசுமா? எங்கேயோ கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது, ஓட மாட்டேன் என்று அது அடம் பிடிக்கிறது, அவ்வளவுதான். முழுசாகக் கருகியது உன் ஆப்புக்குச் சேதி அனுப்புகிற வைஃபை ஸ்டிக் ஒன்றுதான். கழற்றியதும் தீய்ந்த வாடை.

முதலில் பேனலிலிருந்து வருகிற டிசி கரண்டை வெட்டும் டிசி சுவிட்சை இறக்கினேன். அதை இறக்காமல் பேனல் பிளக்கைப் பிடுங்கினால், வீட்டு ஏசி கரண்ட் மாதிரி பொறி பட்டென்று அணையாது, நெருப்பாக நீளும். பிறகு ஒவ்வொரு பேனலாக மீட்டர் வைத்தேன். நாலு பேனல் 47 வோல்ட்டை ஒட்டிக் காட்டின. மூன்றாவதும் ஆறாவதும் 31. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. பேனல் முதுகில் மூன்று சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், பெட்டிக்கு ஒரு டயோடு, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சாமான்; ஒவ்வொன்றும் பேனலில் மூன்றில் ஒரு பங்குக்குக் காவல். ஒன்று ஷார்ட் ஆனால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட் காலி. கணக்கு அப்படியே பொருந்தியது. அந்த ரெண்டையும் வெயிலில் வேலை செய்ய விட்டால் பெட்டி சூடேறி உருகலாம் என்பதால் இறக்கிவிட்டேன். பெட்டியை அடைத்திருக்கிற சிலிக்கோன் பசையைத் தோண்டி வேறு டயோடு பற்றவைக்கக் கை ஊறுகிறது. ஏன் தொடவில்லை என்று கீழே சொல்கிறேன்.

கசிவுதான் ஒரு பகலைத் தின்றது. பேனல் பக்கமும் இன்வெர்ட்டர் பக்கமும் பிரித்துவிட்டு, வயரை மட்டும் 500 வோல்ட் மெகரில், அதாவது இன்சுலேஷன் கசிகிறதா என்று காட்டும் மீட்டரில் பார்த்தேன். மைனஸ் சுத்தம். பிளஸ் வயர் 0.02 மெகா ஓம், ஒன்றாவது இருக்கணும். கை விரலால் தடவிக்கொண்டே போனேன். கம்பித் தாங்கியின் வளைவில் உரசிக் கிடந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு இரும்புக்குப் பாய்ந்திருக்கிறது.

வயரை மாற்றும்போது இன்னொன்றும் பார்த்தேன். பிளஸ் மாடியின் கிழக்கு ஓரமாக, மைனஸ் மேற்கு ஓரமாக. நடுவில் மாடி அகலத்துக்கு ஒரு வளையம். பக்கத்தில் இடி விழுந்தால் இந்த மாதிரி வளையத்தில்தான் வோல்ட் கிளம்பும். இப்போது ரெண்டையும் ஒட்டி ஒரே பைப்பில் இழுத்திருக்கிறேன்.

இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. டிசி பாக்ஸில் எஸ்பிடி என்று ஒன்று உண்டு. இடி வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு எர்த்துக்குத் தள்ளிவிடும். அதன் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் மாற்றவேண்டும். சித்திரைக் கோடை மழைக்கே சிவப்பாகிவிட்டது. பார்த்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஆறு மாசம் ஓட்டினேன். கம்பெனிக்காரனைத் திட்டுகிற வாய் இந்த இடத்தில் மூடிக்கொள்கிறது. புதுசு மாட்டியாயிற்று.

நாலு பேனலோடு இன்வெர்ட்டர் முந்தாநாளிலிருந்து ஓடுகிறது. பணம் அனுப்பாதே. பேனல் வாரண்டியில் இடி சேராது. ஆனால் வீட்டுக் கடனோடு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியில் இடி, மின்னல் என்று போட்டிருந்ததாக ஞாபகம். அது உன் மெயிலில்தான் இருக்கும், சோலாரும் அதில் வருகிறதா என்று பார்த்து அனுப்பு. இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை கருகிய ஸ்டிக், பழைய வயர், ரெண்டு பேனல் எல்லாம் கொட்டகையில் அப்படியே இருக்கும். டயோடில் நான் கை வைக்காததும் அதனால்தான். அம்மா அந்தப் பேனலை ஆட்டுக்குட்டிக்குத் தடுப்பாக நிறுத்தப் பார்த்தாள், தடுத்துவிட்டேன்.

புது ஸ்டிக் வரும்வரை தினம் எத்தனை யூனிட் என்று சாயங்காலம் நானே வாட்ஸப்பில் போடுகிறேன். இன்றைக்கு மேகம்தான். 7.

அன்புடன்,
அப்பா