பம்ப் வாஷருக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

40 வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் எங்கே போனாலும் சைக்கிள்தான். எங்கள் பகுதிப் பூங்கா வாசலில் பொதுச் சைக்கிள் பழுதுபார்ப்பு நிலையம் வைத்த அன்று எனக்கு அத்தனை சந்தோஷம். ஓர் இரும்புத் தூண், சைக்கிளைத் தூக்கி மாட்ட இரண்டு கைகள், எஃகுக் கயிற்றில் தொங்கும் ஸ்பேனர், அலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், டயர் லிவர், பக்கத்தில் தரையோடு பொருத்திய பம்ப். அவ்வளவுதான். ஆனால் சைக்கிளைத் தெருவில் கவிழ்த்துப்போட்டுச் செயின் மாட்டியவர்களுக்குத்தான் அந்த இரண்டு கைகளின் அருமை தெரியும்.

போன வாரம் அங்கே ஒரு சிறுமி, முதுகில் புத்தகப் பையோடு, கையெல்லாம் கிரீஸோடு நின்றிருந்தாள். செயின் கழன்று, பின் சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது. பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறாள், வரவில்லை. "இழுக்காதேம்மா, பின் சக்கர நட்டு ரெண்டையும் கொஞ்சம் லூஸ் பண்ணு" என்றேன். 15 மி.மீ. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். நட்டு இளகியதும் சக்கரத்தை முன்னால் தள்ளச் சொன்னேன். செயின் தொய்ந்து தானாக வெளியே வந்தது. பல்லில் மாட்டி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, நேராக நிற்கிறதா என்று பார்த்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக அவளே முறுக்கினாள். பெடலைச் சுற்றினாள். சக்கரம் ஓடிற்று. "தாத்தா, நானே பண்ணிட்டேன்!" என்றாள்.

கடைசியில் காற்றடிக்கப் போனால், பம்ப் கைப்பிடி பிடிப்பே இல்லாமல் சரக்கென்று கீழே இறங்கியது. உள்ளே காற்று கசியாமல் பிடிக்கும் வாஷர் தேய்ந்து மாதக்கணக்காகிறது. பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து சைக்கிளுக்கு அடிக்கடி வேண்டியது காற்றுதான். இந்தத் தூணிலும் அதிகம் அடிபடுவது பம்ப்தான். அதனால் முதலில் கெடுவதும் அதுவே. இதை நான் இரண்டு அலுவலகங்களில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வைத்தது அவர்கள் என்கிறது ஒன்று; பராமரிப்பு எங்களுடையதில்லை என்கிறது மற்றொன்று. நானே வாஷர் வாங்கி மாட்டியிருப்பேன். திருட்டுக்குப் பயந்து சாதாரண ஸ்பேனருக்குப் பிடிகொடுக்காத திருகு போட்டிருக்கிறார்கள். அது நியாயம்தான். அதைக் கழற்றும் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

புதிதாக எந்த ஊரில் இதை நிறுவினாலும், பராமரிப்பவர் யார் என்பதைத் தூணிலேயே தொலைபேசி எண்ணோடு எழுதிவிடுங்கள். பம்ப் தலை எல்லா வகை வால்வுக்கும் பொருந்தட்டும்: கார் டயரில் உள்ளது போன்ற தடித்த வால்வு, ரேஸ் சைக்கிளின் மெல்லிய வால்வு, வால்வு டியூப் போட்ட பழைய வகை, மூன்றுக்குமே. டியூப்பை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தால் பஞ்சர் எங்கே என்று தேடி அலைய வேண்டாம். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்று ஒரு வரி எழுதுங்கள். கழற்றுவதாக நினைத்து முறுக்கி முறுக்கி மரையைக் கெடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பூங்காத் தூணை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ள நான் தயார். கூலி வேண்டாம். அந்தச் சாவியையும் நாலு வாஷரையும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்