மரத்தை வெட்டும் முன் பறவை என்ன தின்றது என்று பாருங்கள்

மதிப்பிற்குரிய மீன்வளத் துறை, வன உயிரினத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏரிக்கரையில் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருந்த மரங்களை வெட்ட உத்தரவானதும், கூட்டில் குஞ்சுகள் இருக்கும்போதே வேலை நடந்து முடிந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். யார் மனு கொடுத்தார்கள், எந்தக் கோப்பு எந்த மேசைக்குப் போனது என்றெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்தப் பறவைகள் என்ன தின்கின்றன என்று உங்களில் யாராவது ஒருமுறையாவது பார்த்தீர்களா?

மீன் வளர்ப்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மீன் வளர்க்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். குளத்தில் குஞ்சு விட்ட முதல் வாரத்தில் நீர்க்காகக் கூட்டம் வந்து இறங்கினால் வயிறு எப்படிக் கலங்கும் என்று எனக்குத் தெரியும். பெரிய நீர்க்காகம் ஒன்று நாளைக்கு 400 முதல் 500 கிராம் மீன் தின்னும். நூறு பறவை இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த இழப்பு உண்மை. அதற்கு வழி கேட்டு மனு கொடுத்ததும் நியாயம்தான். நீங்கள் கொடுத்த பதில்தான் நியாயமில்லை.

வெட்டிய மறுநாள் காலை அங்கே போனேன். கிளைகளோடு கூடுகளும் தரையில் கிடந்தன. இறகு முளைக்காத கறுத்த குஞ்சுகள் சில செத்துக் கிடந்தன, சில கழுத்தைத் தூக்கித் தூக்கி வாயைத் திறந்தபடி இருந்தன. மேலே தாய்ப்பறவைகள் இரை நிறைந்த தொண்டையோடு சுற்றிச் சுற்றி வந்தன. கூடு இருந்த இடத்தில் கிளையே இல்லை, அவை எங்கே போய் இறங்கும்? நான் பக்கத்தில் போனதும் பயத்தில் குஞ்சுகள் தின்றதைக் கக்கின. குனிந்து பொறுக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் விரல் நீளம்கூட இல்லாத ஏரிப் பொடிமீன்கள். யாரும் வலை போட்டுப் பிடித்து விற்காத மீன்கள். வளர்ப்பு மீன் என்று என்னால் அடையாளம் சொல்ல முடிந்தவை இரண்டே இரண்டு. ஒரு காலையில் ஒருவன் பார்த்ததை ஆய்வு என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் அந்த அளவுகூட உங்கள் கோப்பில் இல்லையே.

பார்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. செரிக்காத எலும்பையும் செதிலையும் நீர்க்காகம் சளி சுற்றிய உருண்டையாகக் கக்கிவிடும். அதற்குள் மீனின் காதுக்கல், அதாவது மீன் தலைக்குள் காதுப் பகுதியில் இருக்கும் சின்னக் கடினக் கல், இருக்கும். கல்லின் வடிவம் மீனின் இனத்தைச் சொல்லும், அளவு மீனின் நீளத்தைச் சொல்லும். சிறிய கற்கள் வயிற்றிலேயே கரைந்துபோவதுண்டு, அதற்கேற்ப கணக்கைத் திருத்த வேண்டும். மற்றபடி மரத்தடியில் குனிந்து பொறுக்கும் வேலைதான்.

பார்க்காமல் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் உள்ள கிழக்கு மணல் தீவு சாட்சி. சால்மன் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறோம் என்று 2015 முதல் அங்கே ஆயிரக்கணக்கான நீர்க்காகங்களைச் சுட்டார்கள், குஞ்சு பொரிக்காதபடி முட்டைகளில் எண்ணெய் தடவினார்கள். 2016-இல் பறவைகள் தீவை விட்டுப் போயின. போனவற்றில் பல, ஆற்றின் மேல்பக்கம் உள்ள அஸ்டோரியா பாலத்தில் கூடு கட்டின. முகத்துவாரத்தில் கடல்மீனும் கிடைத்துக்கொண்டிருந்தது. மேலே போனதும் சால்மன் குஞ்சைத்தான் இன்னும் அதிகமாகத் தின்றன. இதே ஆற்றில் அதற்கு முன்பு ஆலா என்னும் மீன் தின்னும் நீர்ப்பறவைகள் விஷயத்தில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. ஆற்றின் மேல்பக்கம் உள்ள ரைஸ் தீவில் அவை என்ன தின்கின்றன என்று முதலில் ஆராய்ந்தார்கள். அப்புறம் கடலை ஒட்டிய இதே மணல் தீவில் இடம் ஒதுக்கி அங்கே வரவழைத்தார்கள். அவற்றின் இரையில் சால்மனின் பங்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பறவை தின்ற மீன் எல்லாம் நம் வலையில் விழவேண்டிய மீன் இல்லை. நோய்ப்பட்டது, புழு விழுந்து வேகம் குறைந்தது, பெரிய மீனுக்கு எப்படியும் இரையாகியிருக்கும் குஞ்சு, எல்லாம் அதில் சேர்த்தி.

கடலில் மீன் குறைந்தாலும் பழி பறவைமேல்தான் விழுகிறது. பெருவில் நெத்திலியை வாரி வாரி 1970-இல் ஒரு கோடியே இருபது லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972-இல் கடல்நீரைச் சூடாக்கும் எல் நினோவும் சேர்ந்துகொள்ள, நெத்திலி தொழிலே சரிந்தது. அந்த மீனை நம்பி லட்சக்கணக்கில் வாழ்ந்த பறவைகளும் சேர்ந்து செத்தன. இரைமீனின் அளவு அதன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கடற்பறவைகள் குஞ்சு பொரித்து வளர்ப்பது சரிந்துவிடுகிறது என்று 2011-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அந்த ஒரு பங்கை விட்டுவைக்க எத்தனை துறைகள் தயாராக இருக்கின்றன? நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கி தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் இரையைக் கொத்தி முங்கிச் சாகும் அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவைகளுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? கோபத்தில் ஏரியை விட்டுக் கடலுக்குப் போய்விட்டேன், மன்னியுங்கள்.

குளத்துக்கு வழி இருக்கிறது. நீர்க்காகம் தண்ணீரில் ஓடித்தான் மேலெழும். நீர்ப்பரப்புக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் தடித்த கயிறுகளை இடைவெளி விட்டு இழுத்துக் கட்டினால், ஓடி எழ இடமில்லாமல் அது இறங்கத் தயங்கும். குஞ்சு விடும் இடத்தில் முள்ளையும் கிளையையும் போட்டு மீனுக்கு மறைவிடம் கொடுக்கலாம். மெல்லிய நைலான் வலையைத் தொளதொளவென்று விரிக்க மட்டும் அனுமதிக்காதீர்கள். அதில் மாட்டுகிற பறவை கால் அறுபட்டுச் சாகிறது. அவற்றை அறுத்து எடுத்த கை என்னுடையது. கயிறு கட்டும் செலவில் ஒரு பகுதியைத் துறை ஏற்றுக்கொண்டால் குளம் வைத்திருப்பவர்களே முன்னால் வருவார்கள்.

கரையின் மறுமுனையில் வெட்டாத மரங்கள் இன்னும் நிற்கின்றன. கூடுகளில் குஞ்சுகள் இருக்கின்றன. அடைகாக்க ஒரு மாதம், அப்புறம் குஞ்சு பறக்க ஏழு வாரம். அந்த நாட்கள் முடியும்வரை அந்த மரங்களில் கை வைக்க வேண்டாம் என்று தயவுசெய்து எழுத்தில் உத்தரவிடுங்கள். அதற்குள் மரத்தடி உருண்டைகளைப் பொறுக்கிப் பார்க்க ஒருவரை அனுப்புங்கள். என்ன தின்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அவர் வரும் நாளில் கூடவே வந்து பொறுக்கிக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்