காப்பிப் பழம் பறிப்பு குறித்து உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில் அராபிகா வகைக் காப்பி பழுக்கத் தொடங்கியுள்ளதால், ஒரே கொத்தில் சிவந்த பழமும் பச்சைக் காயும் கலந்து நிற்கும் இந்நேரத்தில் கொத்தோடு உருவாமல், கூலி சற்றுக் கூடினாலும், பழுத்ததை மட்டும் சுற்றுச் சுற்றாகப் பறிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பழத்தைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பவற்றை நீக்கி, அன்றைக்கே பல்பர் இயந்திரத்தில் தோல் நீக்க வேண்டும்; சாக்கில் கட்டி இரவு முழுக்க வைத்தால் ஏறும் புளிப்பு வாடை எத்தனை முறை கழுவினாலும் போகாது. பார்ச்மென்ட்டை, அதாவது தோல் நீக்கிக் கழுவிய, உள் உமியோடு உள்ள கொட்டையை, வெறுந்தரையில் கொட்டாமல் களத்தில் மெல்லிதாகப் பரப்பி, ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை கிளறிவிட்டு, பனி இறங்குமுன் மூடிவையுங்கள். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு தாக்கிய செடிகளைப் பிடுங்கி உடனே எரித்துவிடவும். விறகுக்கென்று அடுக்கிவைத்தால் வண்டு அதிலிருந்தே வெளிவந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவும்.