ஜெனரல் பி.பி. குமாரமங்கலத்துக்கு மாவட்டப் படைவீரர் விழாக்களில் மரியாதை செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
முன்னாள் படைவீரர்கள்,
குமாரமங்கலம் வட்டாரம், திருச்செங்கோடு வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாமக்கல் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயராகவே தாங்கி, இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை இருந்தவர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். 1970இல் பத்ம விபூஷண் பெற்றார். 2000இல் காலமானார்.

குமாரமங்கலம் என்றதும் பலருக்கு அரசியல்தான் நினைவுக்கு வருகிறது. தந்தை சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர், தம்பி மோகன் மத்திய அமைச்சராக இருந்தவர். அந்தப் பெருமையெல்லாம் சரி. ஆனால் அதே வீட்டுப் பட்டாளத்துக்காரர் பேச்சில் விடுபட்டுப் போகிறார். எங்கள் வருத்தம் அதுதான்.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கிப் படை அதிகாரியாகப் போரிட்டு டி.எஸ்.ஓ. என்னும் வீரவிருதைப் பெற்றவர் அவர். 1942இல் பிடிபட்டு இத்தாலியில் போர்க்கைதியானார். தப்பித்தார், மறுபடி பிடிபட்டார், ஜெர்மனி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மீண்டு வந்தும் ராணுவத்தை விடவில்லை. 1967 செப்டம்பரில், சிக்கிம் எல்லையில் சுமார் 14,000 அடி உயரத்தில் உள்ள நாதுலா கணவாயிலும், அடுத்த மாதம் சோலா கணவாயிலும் சீனப் படையோடு மோதல் மூண்டபோது தரைப்படைக்குத் தலைவர் அவர்தான். 1962 சீனப் போரில் தோற்ற காயம் ஆறாத நேரம். அப்படியும் நம் வீரர்கள் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. அந்தப் பெருமை முதலில் களத்தில் உயிர் கொடுத்தவர்களுக்கே சேரும்; தளபதியைப் போற்றும் மேடையிலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே, ஜனவரி 15 ராணுவ தினத்திலும் டிசம்பர் 7 கொடிநாளிலும் மாவட்டத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளில் அவர் படத்துக்கு மாலையிட்டு, அவருடைய போர்க்கள வாழ்க்கையைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்கும்படி பேச ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக கரியப்பா 1949இல் பொறுப்பேற்ற நாளே ராணுவ தினம் என்பதால், நம் மாவட்டத்துத் தளபதியை நினைக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

அப்புறம், முன்னாள் படைவீரர்களுக்காக மாவட்டத்தில் இனி கட்டப்படும் நினைவுத் தூணோ கட்டடமோ ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்ட வேண்டும். கல்வெட்டு தமிழில் இருக்கட்டும். திறந்துவைக்க ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல் ஒருவரை அழைக்கலாம். முன்வரிசையில் மட்டும் வீரமரணம் அடைந்தவர்களின் பெற்றோரும் மனைவியரும்தான் உட்கார வேண்டும்.

விழா நாளில் அணிவகுத்து நிற்கவும், வேண்டிய வேலைகளைச் செய்யவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள்

நகல்: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், நாமக்கல்.