ரிப்போர்ட் முழுக்க 'ஆர்' என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ போன் செய்தபோது உன் குரலே சரியில்லை. "அண்ணே, உங்க தங்கச்சியோட, அதான் என் வீட்டுக்காரியோட யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் வந்திருக்கு. வரிசையா ஆர், ஆர், ஆர்னு போட்டிருக்கு. கீழே இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்னு இருக்கு. இது என்னண்ணே?" என்றாய். நான் பாதித் தூக்கத்தில் ஏதோ ஆறுதல் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன் அண்ணிக்கு வந்த அதே மாதிரி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு லேப் வாசலில் நின்றவன் நான். அன்றைக்கு யாராவது என்னை உட்கார வைத்து நிதானமாகச் சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

உன் அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பொதுவிலேயே போடுங்க. இந்தப் பேச்சை எந்தப் பொம்பளையும் வெளியில பேசுறதில்ல. நாலு பேருக்காவது உதவட்டும்" என்றாள். காலையில் நீயும் சரி என்றுவிட்டாய்.

கல்ச்சர் என்பது மூத்திரத்தில் இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்து அதற்குக் கேட்கும் என்று பார்க்கும் சோதனை. முதலில் அந்த 'ஆர்'. அந்த மருந்து இந்தக் கிருமிக்குக் கேட்காது என்று அர்த்தம், அவ்வளவுதான். தங்கச்சிக்கு மருந்தே கிடையாது என்று பயந்துவிடாதே. தாளை இன்னொரு தடவை பொறுமையாகப் பார். சில பெயர்களுக்கு எதிரே 'எஸ்' இருக்கும், அந்த மருந்து கேட்கும் என்று அர்த்தம். உன் அண்ணிக்கு நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்போமைசின், அமிகாசின், மெரோபெனம், எர்டாபெனம் என்று ஐந்து இருந்தன. அதுதான் நமக்குக் கையிருப்பு. ஆனால் 'எஸ்' போட்ட மாத்திரையை நீயே போய் வாங்கிவிடாதே. நைட்ரோஃபுரன்டாயின் மூத்திரப்பையில் இருக்கும் கிருமிக்கு நல்ல மருந்து. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அங்கே அது போதுமான அளவு போய்ச் சேராது. சிறுநீரகம் ரொம்ப பலவீனமாக இருப்பவர்களுக்கு அதைக் கொடுப்பதும் இல்லை. தாளில் எல்லோருக்கும் ஒரே 'எஸ்'தான் அச்சாகியிருக்கும், எது யாருக்கு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இ.எஸ்.பி.எல். என்பது கிருமி சுரக்கிற ஒரு நொதி. பென்சிலின் வகை, செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் மாதிரி மருந்துகளைக் கத்தரிக்கோல் வைத்த மாதிரி வெட்டிப் போட்டுவிடும். அதைச் சுரக்கும் கிருமி பெரும்பாலும் ஈ.கோலை. ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் இருப்பதுதான். அதில் இந்த நொதி சுரக்கும் ரகமும் நம் நாட்டில், எந்த நோயும் இல்லாத பலருடைய குடலிலேயே இருக்கிறது. அதனால் தங்கச்சி சுத்தமாக இல்லாததால் வந்தது என்று யாராவது சொன்னால், அது உன் அம்மாவே ஆனாலும், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடு.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். உன் அண்ணிக்கு முதன்முதலில் எரிச்சல் வந்தபோது சூடு பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். இளநீர், ஊற வைத்த வெந்தயம், கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு. கேட்கவில்லை. நான் மெடிக்கலுக்குப் போய் "நீர்க்கடுப்புக்கு மாத்திரை கொடுங்க" என்று நின்றேன். செஃபிக்சிம் கொடுத்தார்கள். இரண்டு நாளில் எரிச்சல் போனது, மீதி மாத்திரையை டிராயரில் போட்டு வைத்தேன். அடுத்த தடவை அந்த மீதியைக் கொடுத்தேன். அதற்கடுத்த தடவை இன்னோர் அட்டை. இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். அட்டையின் பின்பக்கம் ஒரு சிவப்புக் கோடு இருந்தது, ஏதோ டிசைன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. 2016ல் மத்திய அரசு அதற்கென்று பிரசாரமே நடத்தியிருக்கிறது. செஃபிக்சிம் மாதிரி மருந்துகளை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாவற்றையும் கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து சட்டமும் இருக்கிறது. கடையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பேன். கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையில் ஒரு கற்பனைக் கணவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவனுக்குத் தொண்டைவலி. தானே பென்சிலின் வாங்கி, போதாத அளவில் போட்டுக்கொள்கிறான். கிருமி சாகாமல் மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. அவளுக்குப் பென்சிலின் கேட்காமல் இறந்துபோகிறாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, அந்தக் கணவன்தான் என்று அவரே பதிலும் சொல்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் போனில் அதைப் படித்தேன். உள்ளே இவளுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, "உங்க மாத்திரை மட்டும் காரணம்னு சொல்ல முடியாது சார். ஆஸ்பத்திரி, பண்ணை, சாக்கடை எல்லாத்துலயும் இது இருக்கு. இனிமே செய்யாதீங்க, போதும்" என்றார். பாதி மனசு ஏற்றுக்கொண்டது.

அதைவிட என்னைக் குத்தியது இன்னொன்று. அதே டாக்டர் உன் அண்ணியிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "வெளியே போற நாள்ல குடிக்க மாட்டேன் டாக்டர்" என்றாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த இருபத்திரண்டு வருஷமும், காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டு பாத்ரூம்தான். சென்னைக்கு பஸ்ஸில் போவதென்றால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவாள். கல்யாண மண்டபம் என்றாலும் அப்படித்தான். எத்தனை பயணத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பாட்டிலை நீட்டியிருக்கிறேன், "தாகமில்லங்க" என்பாள். அந்தத் 'தாகமில்ல'வுக்கு அர்த்தம் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து, டாக்டர் ரூமில் எனக்குத் தெரிந்தது. தங்கச்சி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். அவளைக் கேள். நீ கேட்டால்தான் சொல்வாள்.

தண்ணீர் சின்ன விஷயம் இல்லை தம்பி. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, மாதவிடாய் நிற்காத 140 பெண்களை ஒரு வருஷம் கவனித்த ஆய்வு ஒன்று 2018ல் வெளியானது. அவர்கள் எல்லோருமே தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்கள். அவர்களில் பாதிப் பேரை மட்டும் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். குடிக்காதவர்களுக்கு வருஷத்தில் சராசரியாக 3.2 தடவை வந்தது, குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான். இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் லிட்டர் பாட்டில் இரண்டைக் காலையில் நிரப்பி மேஜை மேல் வைத்துவிடுவேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்குவதில்லை என்று ஒரு கணக்கு. ஊருக்குப் போவதென்றால் ரயில்தான், பஸ் கிடையாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேன் எடுத்து, மூத்திரம் போன பிறகும் பையில் தங்குகிறதா, கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இவளுக்குச் சுகரால் கொஞ்சம் தங்கிக்கொண்டிருந்தது. அதனால் போய்விட்டு எழுந்து, சற்று நின்று, மறுபடி உட்கார்ந்து போகப் பழகியிருக்கிறாள். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே தடவ ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதுவார்கள், அது நன்றாகவே உதவுகிறது. அந்தச் சீட்டை மூன்று வாரம் பர்ஸிலேயே வைத்திருந்தாள், கடையில் கேட்கக் கூச்சம். அப்புறம் நான் போய் வாங்கினேன். உங்களுக்கு வயது இருக்கிறது, அதனால் இதையும் சொல்கிறேன். உறவு கொண்ட மறுநாள்களில் எரிச்சல் வருகிறதென்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்ததும் எழுந்து மூத்திரம் போய்விட வேண்டும். பயந்துபோய் நீ விலகிப் படுத்தால் தங்கச்சி அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வாள்.

ஊசி நாட்களைப் பற்றிக் கேட்டாயே. இரண்டாவது தடவை எர்டாபெனம் போட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரே தடவை என்பதால் முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில், மீதி வீட்டில். தினமும் காலை ஏழு மணிக்கு நர்ஸ் ஒரு பெண் வரும். மருந்தை நார்மல் சலைனில் கலந்து ஊஞ்சல் கொக்கியில் மாட்டும். அரை மணி நேரத்தில் ஏறி முடியும். அந்த அரை மணி நேரம் நான் எதிரே உட்கார்ந்து சொட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். குளிக்கப் போகும்போது மருந்து ஏற்றக் கையில் குத்தி வைத்திருக்கும் வென்ஃப்ளான் குழாய் நனையாமல் பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சுற்றி, ரப்பர் பேண்ட் போடுவேன். ஐந்தாம் நாள் அந்தக் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே இருந்தாள். விலக்கிப் பார்த்தால் நரம்பு மணிக்கட்டிலிருந்து சிவப்பு நூல் மாதிரி தடித்து ஓடியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. "அந்தப் பொண்ணு மறுபடி குத்தணுமேன்னுதான் சொல்லல" என்றாள். தினம் நீயே கையை எடுத்துப் பார். சொல்வாள் என்று காத்திருக்காதே.

ஆனால் தம்பி, எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது மருந்து கொடுக்காமல் இருப்பதுதான். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். குணமான பிறகு பயத்தில் மாதாமாதம் நானாகவே லேப்பில் மூத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் மறுபடி ஈ.கோலை, மறுபடி இ.எஸ்.பி.எல். தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஊசியை உடனே ஆரம்பியுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு இவளைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்றார். "ஒண்ணும் செய்யலையே" என்றாள். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை. "அப்ப மருந்து வேண்டாம். இனிமே தொந்தரவு இல்லாம டெஸ்ட்டும் எடுக்காதீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வேறு ஊருக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்தேன், அவரும் அதையேதான் சொன்னார். பையில் கிருமி இருப்பது வேறு, நோய் வேறு. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் தவிர, தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள்தான் முதலில் போகும், எதற்கும் அடங்காதது பெருகும். இன்றைக்கு 'எஸ்' என்று இருப்பது அடுத்த தாளில் 'ஆர்' ஆகிவிடும். மூத்திரம் கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்பது மட்டும் காரணமாகாது. புத்திக்குப் புரிந்தது. ஆனாலும் பல வாரம் ராத்திரி இரண்டு தடவை எழுந்து அவள் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பேன். "சுடல, தூங்குங்க" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

ஓட வேண்டிய நேரமும் இருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, நிற்காத வாந்தி, பேச்சில் தடுமாற்றம், மூச்சு வாங்குவது, மூத்திரம் ரொம்பக் குறைந்துபோவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதே. போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் எடுத்துக்கொண்டு போ. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை எந்த மருந்தைக் கொடுப்பது என்று அவர்கள் பழைய தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மூன்றாவது தடவை ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் செஃப்ட்ரையாக்சோன் எழுதப் போனார். ஃபைலை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு அதை அடித்துவிட்டு மெரோபெனம் எழுதினார். முதல் ஊசிக்கு முன்னால் கல்ச்சருக்கு எடுத்துவிடுங்கள் என்று நீயே ஞாபகப்படுத்து. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் லேப்பில் கொடுத்துவிடு.

ஒட்டுமா என்று கேட்பார்கள். தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். பாத்ரூம் போய்விட்டு வந்தாலும் சமைக்கும் முன்னாலும் வீட்டில் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். துண்டு மட்டும் தனித்தனி. இவள் அடுப்படிக்கு வரக் கூடாது என்று என் அக்காவே ஒரு நாள் சொன்னாள். அக்காவை எதிர்த்து நான் குரல் உயர்த்தியது அன்று ஒரு தடவைதான்.

அண்ணிக்குக் கடைசியாக வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மறுபடி வரலாம். ஃபைல் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதை இன்னும் பரண் மேல் ஏற்றவில்லை.

சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நானும் வருகிறேன். அதற்குள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வை. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, எடுப்பேன். காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்து, நேரத்தோடு எழுதி வைத்துவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அண்ணன்