தமிழ்ப் பக்கங்களைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்: மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஆண்டு மலர், நூற்றாண்டு மலர், நோயாளிக் கையேடு என்று தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகம் போடும் கல்லூரிகள், மருத்துவமனைகள், சங்கங்கள், அலுவலகங்களின் மலர்க் குழுவினருக்கு,

வணக்கம்.

இருமொழி மலர் எதை எடுத்துப் பார்த்தாலும் ஆங்கிலப் பாதி பளிச்சென்று இருக்கிறது. தமிழ்ப் பாதியில் எழுத்து நெருக்கியடிக்கிறது, ஊர்ப்பெயர் தப்பாக இருக்கிறது, வரி முடிவில் கொம்பு தனியே தொங்குகிறது. தமிழ் எழுத இங்கே ஆளில்லாமல் இல்லை. பக்கக் கணக்கு, விலை, வடிவமைப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்தை வைத்தே முடித்துவிட்டு, விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தமிழ் மேட்டரைக் கொண்டுவந்து கொடுப்பதால் வரும் கோளாறு இது.

முதலில் இடக் கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிடித்த விஷயம் தமிழில் ஒன்றேகால் பக்கமாவது பிடிக்கும். அலுவலக நடையில் மொழிபெயர்த்திருந்தால் இன்னும் கூடும். ஆங்கிலம் 48, தமிழ் 48, ஆக 96 பக்கம் என்று டெமி என்ற புத்தக அளவில் விலை பேசுகிறீர்கள். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கத்துக்கு ஒரு ஃபாரம் வீதம் ஆறு ஃபாரம். 18க்கு 23 அங்குலத் தாளில் 1,000 பிரதிக்கு, கழிவு நீங்கலாக, 12 ரீம் (ரீமுக்கு 500 தாள்). தமிழ் 60 பக்கமாக வந்து நின்றால் மொத்தம் 108. ஏழாவது ஃபாரம் தொடங்கிவிட்டது. இரண்டு ரீம் தாளும் இரண்டு பிளேட்டும் (அச்சுத் தகடு) கூடுதல். அதற்கு அனுமதி வாங்க நேரமிருக்காது. உடனே தமிழ் எழுத்தை 9 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் குறைத்து வரி இடைவெளியையும் பிடித்து இறுக்குவார்கள். ஆங்கில எழுத்து அந்த இறுக்கத்தை ஓரளவு தாங்கும். தமிழ் தாங்காது. மேல்வரியின் 'மூ', 'கு' கீழே இறங்க, அடுத்த வரியின் 'கீ', 'றீ' மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடி போட்ட வாசகர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

ஆகவே விலை பேசும் முன், ஒரே கட்டுரையை இரு மொழியிலும் மாதிரிப் பக்கமாகக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் 11 புள்ளி என்றால் தமிழும் 11 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். ஒரே புள்ளி அளவில் ஒரு ஃபாண்ட் பருத்தும் இன்னொன்று சிறுத்தும் தெரியும். 10.5 புள்ளித் தமிழுக்கு 14 அல்லது 15 புள்ளி வரி இடைவெளி வேண்டும். அதை வைத்து மொத்தப் பக்கத்தைக் கணக்கிட்டு, 16இன் மடங்குக்குக் கொண்டுவாருங்கள். தாளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரியில்லாப் பொருளான புத்தகமாகவே விற்றால் தாளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. அது விலையில்தான் ஏறும். பக்கக் கணக்கு தப்பினால் வலிப்பது இப்போது இன்னும் அதிகம்.

அடுத்தது எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் செல்பேசிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010 ஜூனில். ஆனால் பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவான பாமினியும் இன்னும் பல டிடிபி கடைகளில் சோறு போடுகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. நீங்கள் செல்பேசியில் அடித்து அனுப்பும் யூனிகோட் மேட்டரை அங்கே பாமினிக்கு மாற்றியே ஆக வேண்டும். ஆங்கில விசைக்கே தமிழ் உருவத்தை மாட்டிவைத்த எழுத்துரு பாமினி. தமிழ் வரிக்கு நடுவே உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு ஃபாண்ட் மாற்ற மறந்தால், சிறிய ஆங்கில எழுத்தில் வேலூர் என்று அடித்த ஏழு எழுத்தும் 'எநடடழசந' என்று வந்து நிற்கும். ஆங்கிலக் காற்புள்ளி 'இ' ஆகிவிடும். மின்னஞ்சல் முகவரியும் மருந்தின் பெயரும் இப்படித்தான் பாழாகின்றன. நோயாளிக் கையேட்டில் இது சிரித்துவிட்டுப் போகிற பிழை இல்லை.

கொம்பு பிரிவதற்கும் இதே வேர். பழைய எழுத்துருவில் 'கெ' என்பது கொம்பு ஒன்று, ககரம் ஒன்று என இரண்டு தனித் துண்டுகள். மென்பொருள் அவற்றுக்கு நடுவே வரியை உடைக்கத் தயங்காது. யூனிகோடில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பக்கம் கட்டும் புதிய மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பைப் பன்மொழிக் கம்போசர் என்ற தேர்வுக்கு மாற்றாமல் தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த மென்பொருள், எந்த எழுத்துரு? 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் ஒரு மாதிரிப் பக்கம் வாங்கிப் பாருங்கள்.

பெயர்ப் பட்டியல் தனிப் பாடு. நன்கொடையாளர், மாணவர் பெயர்களை ஆங்கிலப் பட்டியலிலிருந்து கருவி மூலம் தமிழாக்கினால் ந-ன-ண, ல-ள-ழ, ர-ற மூன்றும் குழம்பும். பேரணாம்பட்டு 'பெர்னாம்புட்' ஆகும், அணைக்கட்டு 'அனைகட்' ஆகும். எம்.ஏ. தமிழ் படித்தவர் மெய்ப்புப் பார்த்தாலும், ஒருவர் 'மணி'யா 'மாணி'யா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெயரைச் சேகரிக்கும் படிவத்திலேயே தமிழில் எழுத ஒரு கட்டம் விடுங்கள். அவரவர் கையால் எழுதட்டும். செலவில்லாத வேலை இது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் மூன்றாவது மொழியாக உருதும் சேரும். உருது வலமிருந்து இடம் போவதால் அதன் முதல் பக்கம் புத்தகத்தின் கடைசிப் பக்கம். முன்னட்டையைத் திறந்தால் தமிழ், பின்னட்டையைத் திறந்தால் உருது, இரண்டும் நடுவில் சந்திக்கும். பக்க எண்ணும் அப்படியே இரண்டு முனையிலிருந்தும் ஓட வேண்டும். உருதுவின் நஸ்தலிக் எழுத்து சரிந்து இறங்கும், ஆகவே வரி இடைவெளி தமிழைவிடவும் தாராளமாக வேண்டும். பெரும்பாலும் இன்பேஜ் என்ற உருது மென்பொருளில் கட்டிப் படமாகத்தான் நம் பக்கத்துக்குள் வரும். வந்தபின் ஒரு சொல்லைக்கூட இங்கே திருத்த முடியாது. உருது தெரிந்தவர் அதற்கு முன்பே பார்த்து முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு மொழியையும் முழு ஃபாரமாக அடக்கினால் இன்னொரு லாபம்: ஒரு மொழி தாமதமானாலும் மற்றது மெஷினில் ஓடும்.

அச்சில் இரண்டு எச்சரிக்கை. எழுத்து முழுவதும் தனிக் கறுப்பு மையில் இருக்கட்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பில் ஒரு நிறம் மற்றொன்றின் மேல் ஒரு நூலிழை விலகி விழுந்தாலும் தமிழ்ச் சுழிகளில் நிழல் அடிக்கும். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து அழகுதான், ஆனால் 8 புள்ளியில் போட்டால் மை பரவி மெய்யெழுத்துப் புள்ளி அடைபட்டுவிடும். 'பல்' என்பது 'பல' ஆகும். புத்தக முதுகும் அப்படியே. 70 ஜிஎஸ்எம் (எடை அளவு) தாளில் 96 பக்கம் நாலரை மில்லிமீட்டர்கூட வராது. அதில் இருமொழித் தலைப்பைத் திணிக்கச் சொல்லாதீர்கள், தமிழ் மட்டும் போதும்.

ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் வேண்டுமென்றால், ஒரே புத்தகத்தில் இரு மொழி இருந்தால் ஓர் எண், தனித்தனிப் பதிப்பென்றால் இரண்டு. இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒப்பந்தப்புள்ளி. பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை கேட்கிறீர்கள். அதற்குள் தமிழ் தட்டச்சு, எழுத்துரு மாற்றம், இரண்டு மெய்ப்பு எல்லாம் அடங்க வேண்டும் என்றால் குறைந்த விலை போட்டவர் இரண்டாம் மெய்ப்பை விட்டுவிடுவார். வேறு எங்கே மிச்சம் பிடிப்பார்? மெய்ப்பைத் தனி இனமாகக் காட்டுங்கள். தமிழ் மேட்டர் அச்சுக்கு 30 நாள் முன்னதாகக் கைக்கு வர வேண்டும் என்று உங்கள் தரப்புக் கெடு நாளையும் அதே தாளில் எழுதுங்கள். இறுதி மெய்ப்பில் ஒரு கையெழுத்து போதாது. ஆங்கிலப் பக்கங்களுக்கு ஒருவர், தமிழ்ப் பக்கங்களுக்கு ஒருவர், உருது இருந்தால் அதற்கு ஒருவர் என்று ஒவ்வொரு ஃபாரத்திலும் தனித்தனியே போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகே பிளேட் போடுவோம்.

இப்படிக்கு,
வேலூரில் டிடிபி, அச்சு, பைண்டிங் தொழிலில் இருப்போர்